செகண்ட் கியர்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட் வசந்திக்கும், அவளோடு அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கும். அதற்கடுத்த சீட்டில் நான். கெலவரப்பள்ளியில் கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிவந்து பிடித்து ஏறிய வசந்தி, உட்கார்ந்ததும் சொன்னாள்:

"வீட்ல இருந்த எடை மிஷினத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்க்கா."

"ஏன்டி, குறையலையா?"

"தினமும் அணைப்பக்கம் நடக்குறேன். சோத்தையும் பாதியாக்கிட்டேன். அந்த முள்ளு அசையவே மாட்டேங்குது. ஆனா பாத்தீங்கல்ல? முன்னாடி நின்ன பஸ்ல ஏறவே மூச்சு வாங்கும். இப்ப ஓடுற பஸ்ஸையே பிடிக்கிறேன்!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, நீ எங்க பிடிக்கிற? உனக்காக நாந்தான் மெதுவா உருட்டிட்டு வர்றேன்."

வசந்தியின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் ஓடுனதெல்லாம் வேஸ்ட்டாண்ணா?"

"யாரு சொன்னா? மொதல்ல உனக்காக வண்டிய நிறுத்தியே வெச்சிருந்தேன். போன மாசம் ஃபர்ஸ்ட் கியர்ல உருட்டினேன். இந்த வாரம் செகண்ட் போட்டுட்டேன், அப்பவும் நீ விட மாட்டேங்கிற."

வசந்தி அக்காவின் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"கேட்டீங்களாக்கா? செகண்ட்!"

அக்கா விலாவைத் தேய்த்துக்கொண்டே முன்பக்கம் எட்டிச் சொன்னாள்:

"அண்ணா, நாளைக்கு தேர்டு போடுங்க. ஒரு நாளாவது நான் கால நீட்டி உக்காந்து வர்றேன்."