பொண்ணு பார்க்க வந்த வேன்

சரி... இவ்வளவு நேரம் நோய், மருந்துன்னு பேசிட்டேன். பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டாச்சு, நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்! ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. நர்சிங் படிக்கிற பிள்ளைங்க கேளுங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கிற அம்மா அப்பா இன்னும் நல்லா கேளுங்க.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன டவுன். அங்க செண்பகவல்லின்னு ஒரு நர்ஸ். வீடு வீடாப் போய் சுகர், பிரஷர் பார்க்கிறவங்க. கையில ஒரு பை, கால்ல தேஞ்ச செருப்பு, வாயில எப்பவும் "என்னக்கா, சாப்பிட்டாச்சா?" அவ்வளவுதான் அவங்க.

அவங்க பார்க்கிற ஆள்ல ஒருத்தங்க உலகம்மா. புருஷன் இல்லை, ஒரே மக சொர்ணா. உலகம்மாவுக்கு சுகர், தினமும் இன்சுலின் ஊசி போடணும். மாசாமாசம் தவறாம ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி மருந்து வாங்கிட்டுப் போறவங்க... திடீர்னு வரலை. ஆளையே காணோம்.

நம்ம நர்சம்மா என்ன செஞ்சாங்க? ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நேரா வீட்டுக்கே போயிட்டாங்க. போனா... வாசல்ல ஒரு வேன் நிக்குது. படி முழுக்கச் செருப்பு. உள்ளே பஜ்ஜி வாசனை. அட, பொண்ணு பார்க்க வந்திருக்காங்கய்யா!

உலகம்மாவுக்கு இவங்களைப் பார்த்ததும் முகம் செத்துப் போச்சு. ஓடி வந்து கையைப் பிடிச்சு அடுப்படிப் பக்கம் இழுத்துட்டுப் போறாங்க.

"நர்சம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். சுகர்னு ஒரு வார்த்தை சொல்லிராதீங்க. அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னுட்டு முன்னால ஒரு இடம் தட்டிப் போச்சு."

"சரிக்கா. ஊசி போடுதீங்களா?"

"எங்க போட? ஃப்ரிட்ஜ்ல இருந்தா வாறவங்க கண்ணுல படும்லா... தூக்கிப் போட்டுட்டேன். இவ கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கிடலாம்."

கேட்டீங்களா? மக கழுத்துல தாலி ஏறணும்... அதுக்குத் தன் உயிரைப் பணயம் வச்சு நிக்கிறா ஒரு தாய். நாக்கு வறண்டு போச்சு, கண்ணு மங்குது, நிக்க முடியலை. ஆனா உதட்டுல சிரிப்பு! நம்ம வீட்டுல எத்தனை பேர் இப்படி இருக்காங்களோ... யாருக்குத் தெரியும்?

இப்ப நீங்கதான் அந்த நர்ஸ். என்ன செய்வீங்க? கத்துவீங்களா? "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அறிவில்லையா"ன்னு கேட்பீங்களா? செண்பகவல்லி இது எதுவும் செய்யலை. உள்ளே போய் ஓரமா உட்கார்ந்தாங்க.

மாப்பிள்ளையோட அம்மா பேரு கோமதி. நல்ல கணீர்க் குரல். பொண்ணைப் பிடிச்சுப் போச்சு. கேசரித் தட்டை எடுத்து உலகம்மா முன்னால நீட்டிட்டாங்க.

"மதினி, பேச்சு முடிஞ்ச மாதிரிதான். ஒரு வாய் போடுங்க பாப்போம்!"

உலகம்மா என்ன செய்வாங்க? வேண்டாம்னா சந்தேகப்படுவாங்க. சாப்பிட்டா உடம்பு தாங்காது. தட்டு அந்தரத்துல நிக்குது...

அப்போ நர்சம்மா பையைத் திறந்தாங்க. சுகர் பார்க்கிற மிஷினை எடுத்தாங்க. உலகம்மா அதைப் பார்த்தாங்க. போச்சு, காரியம் கெட்டுச்சுன்னு நினைச்சுட்டாங்க.

நர்சம்மா ஊசியை எடுத்து... தன்னோட விரல்ல குத்திக்கிட்டாங்க.

"தப்பா நினைக்காதீங்க மதினி. எனக்கு சுகர். பார்த்துட்டுத்தான் இனிப்பைத் தொடுவேன்."

கோமதி வாயைப் பிளந்துட்டாங்க. "ஆத்தாடி! இந்த வயசுலயா?"

"வயசா? கல்யாணத்துக்கு முன்னாலயே வந்துட்டு. என்னைப் பார்க்க வந்த கார், விஷயம் தெரிஞ்சதும் தெருமுனையிலேயே திரும்பிப் போச்சு. எங்கம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. அந்த வைராக்கியத்துலதான் நர்சுக்குப் படிச்சேன். பிறகு எல்லாம் தெரிஞ்சே ஒருத்தர் வந்து கட்டிக்கிட்டார். ரெண்டு பிள்ளைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாங்க. உலகம்மா பேரை எடுத்தாங்களா? இல்லை. அந்தப் பக்கம் திரும்பியாவது பார்த்தாங்களா? அதுவும் இல்லை!

உலகம்மா தட்டைக் கீழே வச்சாங்க.

"மதினி... எனக்கும் இருக்கு. ஊசி போடுத சுகர். மறைச்சுட்டேன். அதுக்காக ஊசியையும் நிப்பாட்டிட்டேன். என் மக மேல கோவப்படாதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே இருந்து சொர்ணா ஓடி வந்துட்டா. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. "அம்மா... நீ ஊசி போடலையா? எனக்காகவா?" அம்மா மடியில விழுந்து அழுதா அழுதா, அப்படி அழுதா. பார்க்க வந்தவங்க இருக்காங்களேங்கிற நினைப்பே இல்லை.

கோமதி முகம் சிவந்து போச்சு. "மறைச்சுப் பொண்ணு கொடுக்கப் பார்த்தீங்களா?"ன்னு ஒரு அதட்டு! மாப்பிள்ளை எந்திரிச்சிட்டான். கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க...

கோமதி அப்படியே நின்னாங்க. அழுற பிள்ளையைப் பார்த்தாங்க. நர்சம்மாவைப் பார்த்தாங்க. மெதுவா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. அந்தக் கணீர்க் குரல் எங்க போச்சுன்னே தெரியலை.

"எனக்கும் ஒரு தடவை குத்திப் பாரும்மா. வேன்ல வரும்போதே தலை சுத்திச்சு. உங்க எல்லார் முன்னாலயும் சுகர் மாத்திரை போடக் கூடாதுன்னு வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

நர்சம்மா புது ஊசி மாத்திக் கோமதிக்குப் பார்த்தாங்க. இன்னொரு புது ஊசி மாத்தி உலகம்மாவுக்குப் பார்த்தாங்க. உலகம்மாவுக்கு வந்த அளவைப் பார்த்ததும் நர்சம்மா முகமே மாறிப் போச்சு. "அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்குன்னு சொல்லாதீங்க."

மாப்பிள்ளை வேன் சாவியை எடுத்தான். "அத்தை, ஏறுங்க"ன்னான்.

அன்னைக்கு ஒரு கார் தெருமுனையில திரும்பிப் போச்சுல்ல? இன்னைக்குப் பொண்ணு பார்க்க வந்த வேன், பொண்ணோட அம்மாவை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போச்சு! உலகம்மா பிழைச்சுக்கிட்டாங்க. கல்யாணப் பந்தியில ரெண்டு சம்பந்தியும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, பாயசத்தைத் தள்ளி வச்சுட்டு மோர் வாங்கிக் குடிச்சாங்க.

பிள்ளைங்களா... நாளைக்கு உங்க முன்னாலயும் ஒருத்தர் வந்து நிப்பாங்க. "மாத்திரை சாப்பிடலை"ன்னு தலையைக் குனிவாங்க. உடனே சீறிப் பாயாதீங்க. எதுக்குப் பயந்தாங்கன்னு கேளுங்க. அந்தப் பயம் தெரியாம எந்த மருந்து கொடுத்தாலும் அது குப்பைக்குத்தான் போகும்.

பெத்தவங்களே... உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக்காகன்னு சொல்லி உங்க நோயை ஒளிச்சு வைக்காதீங்க. உங்க பிள்ளைக்குக் கல்யாணம் ஒரு நாள்தான் நடக்கும். அம்மா வேணும்ங்கிறது அதுக்கு மறுநாளும் இருக்கும்... அதுக்கு மறுநாளும் இருக்கும்.