தோற்றதற்கு ஒரு கிண்ணம்

காளி கோயில் இருக்கும் காளிகாட்டுக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே ஒரு தமிழ்த் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் புதுப் பித்தளைக் கிண்ணம் ஒன்று, நிறையச் செம்பருத்தியோடு இருந்தது.

"நம்ம பொண்ணு காலேஜ் தோக்கணும்னுதாங்க காளிகிட்ட வேண்டிக்கிட்டேன்" என்றார் அவர்.

கணவர் போனிலிருந்து நிமிர்ந்தார். "அமெரிக்காவிலேயே பெரிய ரெண்டு காலேஜ் டீம் மோதின ஃபுட்பால் மேட்ச். அவ காலேஜ் டீமுக்காக மைதானத்துல பேண்டு வாசிக்கிறா. தோக்கணும்னா வேண்டிக்கிட்டே?"

"ஜெயிச்சா அடுத்த மேட்சுக்குப் பேண்டும் கூடவே போகணுமாம். தோத்தா பொங்கலுக்கு இங்க வந்துடறேன்னா. அவளப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

"சரி, கிண்ணம் எதுக்கு?"

"அந்த மாதிரிப் பெரிய மேட்சுக்கு 'பவுல் கேம்'னு பேருன்னு சொன்னாளே. அதான் ஒரு பவுல் தர்றதா வேண்டிக்கிட்டேன்."

கணவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "காலையில தோத்ததும் போன்ல எப்படித் தேம்பித் தேம்பி அழுதா! நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன். உங்கிட்டகூடச் சொல்லல."

அந்த அம்மா கிண்ணத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "எந்த மூஞ்சியோட போய் இதக் கொடுக்கறது?"

"வேண்டிக்கிட்டாச்சு, கொடுத்துடலாம். அப்படியே மன்னிப்பும் கேட்டுக்கலாம்."

காளிகாட்டில் நானும் அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கினேன். அந்த அம்மாவின் போன் அடித்தது, மகள்தான். அந்த அம்மா கிண்ணத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"அழாதடி கண்ணு. ஆமா, கோயிலுக்குத்தான் வந்திருக்கோம். உங்க டீமுக்காகத்தான்." பிறகு மெல்லக் கேட்டார்.

"டிக்கெட் எடுத்துட்டியா?"