தவணைக்காடு

இந்த மலைக்கு ஏறிவரப் பாதையே இல்லாத காலத்துல, மேல்கூவல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். மொத்தம் முப்பது குடிசை. அதுல ஒரு குடிசையில செம்பாயின்னு ஒருத்தி. எங்களுக்கு ஏழு தலைமுறைக்கு முந்துன ஆத்தா.

கீழ்நாட்டுப் பாளையக்காரர் சண்டைக்கு ஆள் கேட்டாராம். ஊரு தரமாட்டேன்னுடுச்சாம். அவருக்கு வந்துச்சே கோவம்! படையை நடத்துற சேர்வைக்காரரைக் கூப்பிட்டு, "அந்த ஊரைப் பூண்டோட அழிச்சுட்டு வா"ன்னுட்டாராம். நாப்பது வேல்காரங்களோட சேர்வைக்காரரு வந்து ஊரை வளைச்சுட்டாராம்.

செம்பாயி அப்பத்தான் காட்டுல பூண்டு நட்டுக்கிட்டு இருந்தாளாம். மடி நிறைய விதைப்பல்லு. எதிர்த்தாப்புல வேலு. உட்கார்ந்தபடியே கேட்டாளாம்.

"ஐயா, உத்தரவு என்னன்னு சொல்லிட்டுச் செய்யுங்க."

"ஊரைப் பூண்டோட அழிக்கச் சொல்லி உத்தரவு."

"பூண்டோடயா?"

"பூண்டோடதான்."

செம்பாயி மடியைப் பார்த்தாளாம், மண்ணைப் பார்த்தாளாம். எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தச் சொல்லு!

"பூண்டு எங்கய்யா இருக்கு? இன்னைக்குத்தான் ஊன்றேன். விளைய நாலு மாசம் ஆகும். இப்ப ஊரை மட்டும் அழிச்சுட்டுப் போனா, பூண்டு எங்கடான்னு அவரு உங்களைக் கேக்க மாட்டாரா?"

வேல்காரங்க சிரிச்சுட்டாங்களாம். சேர்வைக்காரரு சிரிக்கல. குடிசை வாசல்ல அழுதுக்கிட்டு நின்ன பிள்ளைகளைப் பார்த்தாராம். அப்புறம் மெல்லக் குனிஞ்சு, அவ மடியில இருந்து ஒரு பல்லை எடுத்தாராம்.

"இதுல எந்தப் பக்கம் மேல வரணும், ஆத்தா?"

"கூரு மேல, ஐயா."

ஊன்றுனாராம். அவரு ஊன்ற, நாப்பது பேரும் ஊன்றுனாங்களாம். நாலு மாசம் அங்கேயே தங்குனாங்க. சாணி சுமந்தாங்க, களை எடுத்தாங்க, அந்த ஊரு அடுப்புலயே குளிர் காஞ்சாங்க. பூண்டுத்தாளு பழுக்கப் பழுக்கச் செம்பாயிக்குச் சோறு இறங்கலையாம். ஆனாலும் அவளேதான் போய்ச் சொன்னா: "விளைஞ்சிருச்சு, ஐயா."

சேர்வைக்காரரு பூண்டை மட்டும் பிடுங்கி மூட்டை கட்டுனாராம். பத்து பேரைக் காவலுக்கு விட்டுட்டு மலையிறங்கிட்டாராம்.

கீழ அரண்மனையில பாளையக்காரரு மக பிள்ளை பெத்து ஆறாம் நாளாம். பால் ஊறல. பச்சப்பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. வந்த பூண்டை உரிச்சுப் பால்ல வேகவச்சுக் குடுத்தாங்களாம். ரெண்டு நாள்ல பால் சுரந்து, பிள்ளை குடிச்சுட்டுத் தூங்குச்சாம்.

"எந்த ஊருப் பூண்டுடா?"ன்னாராம் பாளையக்காரரு.

"நீங்க அழிக்கச் சொன்ன ஊருதாங்க."

"அழிச்சியா?"

"பூண்டைப் பிடுங்கியாச்சு. ஊரு இருக்கு. அதை அழிக்கணும்னா இன்னொரு தடவை உத்தரவு வேணும்ங்க."

பாளையக்காரரு தூங்குற பேரனையே பார்த்துக்கிட்டு இருந்தாராம்.

பத்தாம் நாளு சேர்வைக்காரரு மலையேறி வந்தாராம். கையில வேலு இல்ல, தோள்ல ஒரு மூட்டை. செம்பாயி காலடியில இறக்கி வச்சாராம்.

"விதைக்கு வச்சுக்கச் சொன்னாரு, ஆத்தா."

அவ அந்த மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுத அழுகை எதிர்மலை வரைக்கும் கேட்டுச்சுன்னு சொல்லுவாங்க.

ஊருக்கு நாலு மாசம் தவணை வாங்கிக் குடுத்த அந்தக் காடுதான் தவணைக்காடு. இன்னைக்கும் அங்க நடவுன்னா, முதப் பல்லை ஊரார் ஊன்ற மாட்டாங்க. வழியில போற அசலூர்க்காரரைக் கூப்பிட்டுத்தான் ஊன்றச் சொல்லுவாங்க. நீங்க அந்தப் பக்கம் போனா உங்க கையிலயும் ஒரு பல்லு குடுப்பாங்க. வாங்கி ஊன்றிட்டு, கஞ்சி குடிச்சுட்டு வாங்க.