சோறு வேண்டாம் என்ற மருமகன்

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. பெண் வீட்டு விருந்துக்குப் போகிறார்கள். மாப்பிள்ளையின் புஜத்தில் சட்டை தெறித்துவிடும் போல இறுகிக் கிடந்தது.

“ஏட்டி, எனக்குச் சோறு வைக்க வேண்டாம்னு உங்கம்மாட்ட சொல்லிரு.”

விருந்துக்குப் போகிற எந்த மருமகனும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“சோறில்லாம விருந்தா? எங்க ஊர்ல காய்ச்சக்காரருக்கே கஞ்சி ஊத்துவோம்.”

“முட்டையும் பயறும் தின்னாத்தான் சதை ஏறும்னு ஜிம்முல சொல்லுதாவ. சோறு தொப்பைக்குத்தானாம்.”

“ஒரு மாசமாச் சோத்தைத் தொடலையே, ஏறிருச்சா?”

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“முன்னால தலைக்கு மேல தூக்குன பாரம், இப்ப நெஞ்சைத் தாண்ட மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை பாரம் தூக்குத போட்டியில எல்லாரு முன்னாலயும் கீழ போட்டுருவனோன்னு பயமா இருக்கு.”

“எங்கப்பா உழவு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைக்காவ, சதை பிடிக்கட்டும்னு. அதுக்காகச் சோளத்தட்டையை நிறுத்திருவாவளா? வெறும் கொட்டையத் தின்னுட்டு எந்த மாடு ஏர் இழுக்கும்?”

“என்னை மாடுங்கியா?”

“மாடுன்னா சொன்னாக் கேக்கும்.”

கண்டக்டர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

நாகலாபுரம் வந்தது. அவள் எழுந்தாள்.

“அப்ப அம்மாட்ட என்ன சொல்லட்டும்? சோறு வேண்டாம்னா?”

மாப்பிள்ளை பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“அதெல்லாம் சொல்லாண்டாம். இலையை மட்டும் பெருசாப் போடச் சொல்லு.”