சிப்புக்கு வெச்ச பொட்டு

"சிப்புக்கு யாருடி பொட்டு வெச்சது?"

நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பாலிடெக்னிக் மாணவிகள். ஒருத்தி மடியில் லேப்டாப், இன்னொருத்தி கையில் சிப்பு செருகிய, ஒயர் தொங்கும் போர்டு. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றக்கூட என்னை வீட்டில் நம்புவதில்லை. ஆனாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

"எங்கம்மாதான். வூட்டுக்கு எது புதுசா வந்தாலும் வெப்பாங்க," என்றாள் லேப்டாப்காரி.

"மிக்ஸிக்கு வெக்கட்டும்டி. இதுக்குக் காலெல்லாம் சந்தனம் காஞ்சிக்கினு இருக்கு. கரண்டு எப்புடிப் போவும்? அதான் மூணு வாட்டியும் எர்ரர்."

"பத்து மணிக்கு சார்கிட்ட காட்டணும். இது வெறும் சிப்பு. மொதல்ல பூட்லோடர் ஏறலன்னா நம்ம புரோகிராம வாங்கவே வாங்காது. ஃபெயில்தான்."

"அழுவாத. கைக்குட்டய குடு."

சிப்பைப் பிடுங்கி ஒவ்வொரு காலாகத் துடைத்தாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. போர்டில் மறுபடி செருகினாள்.

"இப்ப அமுக்கு."

லேப்டாப்காரி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். கூடவே நானும் மூடிக்கொண்டேன், ஏதோ என் மார்க் போகப் போவதைப் போல.

"ஏறிச்சிடி! பூட்லோடர் ஏறிச்சி!"

"அம்மாகிட்ட இன்னா சொல்லுவ?"

"பொட்டு வெச்சதாலதான் ஏறிச்சின்னு சொல்லுவேன். பாவம், எனக்காகத்தான வெச்சாங்க."

"அடுத்த சிப்புக்கும் வெப்பாங்களேடி!"

"சிப்பு வர்ற டப்பாவுக்கு வெக்கச் சொல்லிக்கிறேன்."