மஞ்சள் துணியில் முடிந்த பங்கு

"முருகனையும் வித்துட்டேன் மாப்ளே."

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் தபால் கோச்சு வண்டியில் என் எதிரே இருந்தவர் இப்படிச் சொன்னார். சிலைத் திருட்டோ என்று பயந்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவரும் அவர் பக்கத்தில் இருந்தவரும் பதுளைக் கடைவீதியில் சேர்ந்து ஜவுளிக்கடை நடத்தும் மச்சானும் மாப்பிள்ளையும் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அந்த ரப்பர் கம்பெனிப் பங்குல பாதியைத் தொடவே கூடாதுன்னுதானே மச்சான், கதிர்காமத்து முருகனுக்குன்னு மஞ்சள் துணியில முடிஞ்சு வச்சோம்? மரம் பால் குடுக்குற வரைக்கும் அது கிடக்கட்டும், மிச்சத்தை மட்டும் வாங்கி வித்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். விலை ஏறுற வரைக்கும் சொன்னபடிதான் இருந்தேன். அப்புறம் கொழும்புல இருந்து விலைத் தந்தி வர்ற நாளெல்லாம் இறங்குச்சு. கடன்ல வாங்கி வச்சிருந்த பங்கைக் காப்பாத்தணும்னு முருகன் பங்கை வித்து அந்தக் கடனுக்கே கட்டினேன். எல்லாம் சேர்ந்து போயிருச்சு."

"இப்பத்தான் அங்க பால் வெட்டவே ஆரம்பிச்சிருக்காங்களாம்."

"தெரியும்."

வளைவில் கோச்சு குலுங்கியது.

"ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமத்துக்கு நடந்து போகணுமே மச்சான். அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அவன் கால்ல விழுந்து அழுதுக்கலாம் மாப்ளே. மொனராகலையில அந்தக் கம்பெனியோட ரப்பர் தோட்டத்தைத் தாண்டித்தானே போகணும்? மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருப்பாங்க. பால் சொட்டிக்கிட்டிருக்கும். அதைப் பாத்துக்கிட்டே எப்படி நடப்பேன்?"