அடிநிறம்

— அப்படின்னா அந்த நடிகைக்குக் கண்ணு தெரியலையா, இல்ல எனக்கு வாய் அதிகமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுக்கா. அஞ்சு மணிக்கு ரசிகர் மன்றத்துல நூத்தம்பது பேர் உக்காந்திருப்பாங்க. மேடையில நிக்கப்போறது நான்.

— முதல்ல கதவைச் சாத்து. வெளியில ஒருத்தர் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு, குடை விளக்கைத் தட்டிடாதே.

— காத்திருக்கட்டும். கேக்கிறேன், அவங்க எழுதினது எத்தனை வரி? ஒரே வரி. "படம் ரொம்ப அழகா இருக்கு, ஆனா இந்தப் பொண்ணு யாரு?" மூணு வருஷமா அந்தத் தொடர்ல இழுவைக் கப்பலை ஓட்டுற கேப்டனா நடிக்கிறவங்க, நீ வரைஞ்ச கேப்டன் படத்தைப் பாத்துட்டு யாருன்னு கேக்கிறாங்க.

— படிச்சேன். காலையிலேருந்து நாப்பது தடவை படிச்சுட்டேன்.

— படிச்சுட்டு வாய மூடிக்கிட்டே. நான் மூடல, பதில் போட்டேன். எங்க அக்கா எட்டு மாசமா டேப்லட்ல ஓவியம் கத்துக்கிறவ, நிழல் எங்க விழும், வெளிச்சம் எங்க தெறிக்கும்னு நோட்டுப் போட்டு எழுதிவச்சுப் படிக்கிறவ, அந்த முகத்துல விழறது சாயங்கால வெயில்னு எழுதினேன். வெயில் லேயரை அணைச்சா அடியில கேப்டனோட சொந்த நிறம் இருக்கும், அஞ்சு மணிக்குப் பெரிய திரையில எல்லார் முன்னாலயும் அணைச்சுக் காட்டுறேன்னு எழுதினேன்.

— அதை எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— எதுக்குக் கேக்கணும்? பாடம் நடத்தினவளே நீதானே! கண்ணாடித்தாள் மேல கண்ணாடித்தாள் அடுக்கின மாதிரி, மேல வெளிச்சம், அதுக்குக் கீழ நிழல், எல்லாத்துக்கும் அடியில அடிநிறம். எந்தத் தாளையும் எப்ப வேணும்னாலும் உருவிடலாம்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— அப்ப உருவிக் காட்டு. பாத்துட்டுப் போறேன், மன்றத்துல நாற்காலி போடணும்.

— பொறு, பேச்சாளி.

— பொறுக்க நேரமில்லக்கா.

— சரி, பாரு. இது முழுப் படம். துறைமுகம், கப்பல், அவ தொப்பி, முகம். இப்ப வெளிச்சத்தை அணைக்கிறேன்.

— ம். வானத்துல செவப்பு போச்சு. தண்ணியில மினுமினுப்பு போச்சு. முகத்து மேல இருக்கிறதையும் அணை.

— அணைச்சாச்சு.

— எங்க? முகம் அப்படியேதான இருக்கு.

— நிழலையும் எடுத்துடறேன். பாரு. இப்ப மிச்சம் இருக்கிறது அடிநிறம் மட்டும்தான்.

— அக்கா.

— பாத்தாச்சுல்ல?

— இது கேப்டன் நிறம் இல்லையே. இது கோதுமை. அவங்க முகம் இப்படியா இருக்கும்?

— இருக்காது.

— வேற லேயர் எதையாவது மறந்துட்டியா? தேடிப் பாரு. மூலையில எங்கயாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்.

— ஒண்ணும் ஒளியல. இந்தப் பக்கத்துல சின்னச் சின்னக் கட்டமா நிறம் இருக்கு பாரு. முதல் கட்டத்துக்கு நான் 'தோல்'னு பேரு போட்டு வச்சிருக்கேன். இந்தக் கடைக்குப் படம் எடுக்க வர்ற யாரா இருந்தாலும், கேட்டாலும் கேக்காட்டாலும், அந்தக் கட்டத்துல தொட்டு ஒரு இழுப்பு இழுத்துத்தான் பிரிண்ட் போடுவேன். அதேதான் இது.

— கேப்டனுக்குமா?

— வேணும்னு செய்யலடி. தொடரை ஒரு இடத்துல நிறுத்தி, அவங்க கன்னத்து மேல பேனாவை வச்சு நிறத்தை எடுத்தேன். சரியாத்தான் வந்துச்சு. மழையில நனைஞ்ச மரப்பட்டை மாதிரி, அவ்வளவு நல்ல நிறம். அதைத்தான் பூசினேன். தள்ளி உக்காந்து பாத்தேன். கை தானா மேல போச்சு. வெளுப்பைக் கொஞ்சம் ஏத்தினேன். இன்னும் கொஞ்சம்.

— தானா போச்சு.

— எனக்கு ஓவியப் பாடம் சொல்லித்தர்ற பொண்ணு தெளிவாத்தான் சொல்லிச்சு. கறுத்த தோலுக்கு வெளிச்சம் வேற மாதிரி விழும், நெத்தியிலயும் மூக்குத் தண்டுலயும் பளிச்சுனு தெறிக்கும், நிழல் பக்கத்துல வானத்தோட நீலம் ஏறும், அதைப் போட்டாத்தான் முகம் மூச்சு விடும்னு. போட்டுப் பாத்தேன். எனக்கு வரல. நீலம் வச்ச இடமெல்லாம் அழுக்கு ஒட்டின மாதிரி தெரிஞ்சுது. அடியை வெளுத்தேன், எல்லாம் சுலபமாயிடுச்சு.

— சுலபம். எத்தனை அழகான சொல்லு! வெளிச்சம் போடத் தெரியலன்னா வெளிச்சத்தைக் கத்துக்கணும், முகத்தை மாத்தக் கூடாது. நமக்குக் கை வரலங்கிறதுக்காக ஒருத்தி தன் தோலைக் கழட்டி வைக்கணுமா? ஒரு திரையில, ஒரே ஒரு திரையில, கறுத்த பொண்ணு ஒருத்தி கப்பலை ஓட்டுறா. அதைப் பாத்துட்டு எத்தனை பொண்ணுங்க நிமிர்ந்து நடந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? அவளையும் சோப்பு போட்டுக் கழுவி அனுப்பிட்டே.

— மேடையில பேசற மாதிரி பேசாதே. இந்த அறை சின்னது.

— எப்படிப் பேசணும்? மெதுவா பேசினா நிறம் திரும்பி வருமா?

— வராது. நான் வெக்கப்படாம உக்காந்திருக்கேன்னு நெனைக்காதே.

— படணும். நல்லாப் படணும்.

— படறேன். ஒண்ணு கேக்கவா? இந்தப் படத்தை முடிச்சதும் முதல்ல உனக்குத்தான் அனுப்பினேன். என்ன பதில் போட்டே, ஞாபகம் இருக்கா?

— அழகா இருக்குன்னு போட்டேன்.

— அது ரெண்டாவது வரி.

— முதல் வரி என்ன?

— "இப்பத்தான் கேப்டன் கண்ணுக்கு நிறைவா இருக்கா."

— நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

— போன்ல இருக்கு. எடுக்கவா?

— வேணாம்.

— உன்னைக் குத்தணும்னு சொல்லல.

— வேணாங்கிறேன்ல. ஞாபகம் வந்துடுச்சு. பஸ்ஸுல நின்னுக்கிட்டே எழுதினேன். ஆலை வாசல்ல நாடகம் முடிச்சுட்டு வந்துட்டிருந்தேன். என்ன நாடகம் தெரியுமா? நிறம் பாக்கிற கண்ணைக் கழுவுங்கன்னு நாப்பது நிமிஷம் கத்தற நாடகம். கை தட்டினாங்க. தட்டினதை வாங்கிக்கிட்டு பஸ் ஏறி, இதை எழுதியிருக்கேன்.

— நீ தெரியாமத்தானே எழுதினே.

— எனக்கு வக்கீல் வைக்காதே, அக்கா. நீயாவது கை தானா போச்சுங்கிறே. எனக்குக் கண்ணே தானா போயிருக்கு.

— இந்தா, தண்ணி குடி.

— மணி என்ன?

— மூணு அஞ்சு.

— ரெண்டு மணி நேரம் இருக்கு. அடிநிறத்தை மட்டும் மாத்த எவ்வளவு நேரமாகும்?

— நிறத்தை மாத்த ஒரு நிமிஷம். மேல வெளிச்சம் மொத்தத்தையும் திரும்பப் போடணும், அதுக்கு ஒரு மணி நேரம்.

— போடு. அந்தப் பொண்ணு சொன்ன நீலத்தையும் போடு. அஞ்சு மணிக்கு நான் வெயிலை அணைப்பேன், அடியில சரியான நிறம் இருக்கும். முதல்ல ஏத்தினப்ப கம்ப்யூட்டர் ஏதோ கோளாறு பண்ணிடுச்சுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?

— பேச்சாளி.

— என்ன?

— நீ என்ன சொன்னேன்னு உன் காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. விழுந்துதான் இருக்கு. சொல்லும்போதே நாக்கு கூசுது. ஆனா உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவாங்கக்கா. நாலாயிரம் பேர் பிடிச்சிருக்குன்னு சொன்ன படம். எட்டு மாசம் நீ முதுகு வலிக்க உக்காந்த உழைப்பு. ஒரே சாயங்காலத்துல "வெள்ளையடிச்சவ"ன்னு பேரு வச்சுடுவாங்க.

— வைக்கட்டும். அடிச்சேன்ல? மாத்தறேன், கண்டிப்பா மாத்தறேன். ஆனா மாத்தினேன்னு சொல்லிட்டுத்தான் மாத்துவேன். மன்றத்துல, அந்தத் திரையில, எல்லார் முன்னாலயும் முதல்ல இந்தக் கோதுமையைக் காட்டுவேன். அப்புறம் அவங்க நிறத்தைப் பூசுவேன். நீலம் வராட்டியும் பரவாயில்ல, வராததையும் பாக்கட்டும்.

— நூத்தம்பது பேர் முன்னாலயா? கடைக்கு வர்றவங்ககிட்ட விலை சொல்லவே நீ குரலைத் தாழ்த்துவியே.

— அதான் பயமா இருக்கு. இருந்தாலும் சொல்லணும்.

— அப்ப நானும் மேடை ஏறி அந்தச் செய்தியைப் படிப்பேன். முதல் வரியை, விடாம. நாடகக்காரி என்ன எழுதினான்னு ஊரு கேக்கட்டும். ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வேணும். தானா போச்சு, தானா போச்சுங்கிறியே. பொறந்தப்பவே கைக்கு இது தெரியுமா? யாரு பழக்கினா?

— அதையும் அங்க சொல்லப்போறேன். அதனாலதான் உன்னை முன்னாடியே வரச் சொன்னேன். நூத்தம்பது பேரோட சேர்ந்து நீ அதைக் கேக்கக் கூடாது.

— என்னக்கா, ஏன் குரல் இப்படிப் போகுது?

— பதினேழு வயசுல ஸ்டூடியோவுல வேலைக்குச் சேந்தேன். அப்ப கம்ப்யூட்டர் ஏது? நெகட்டிவை வெளிச்சத்துக்கு மேல வச்சு, கூர் சீவின பென்சிலால முகத்து மேல மெல்லத் தேய்ப்போம். நெகட்டிவ்ல கறுப்பு ஏற ஏற, பிரிண்ட்ல முகம் வெளுக்கும். ஸ்டூடியோக்காரருக்கு ஒரு அளவு இருந்துச்சு. அடையாள அட்டைக்குன்னா ஒரு தேய்ப்பு, கல்யாணப் பொண்ணுக்கு ரெண்டு. இறந்தவங்க படத்துக்கு எவ்வளவு வேணும்னாலும் தேய்க்கலாம், அவங்க வந்து கேக்கப்போறதில்லன்னு சிரிப்பாரு.

— நீயும் சிரிச்சியா?

— சிரிச்சேன், சம்பளம் குடுக்கிறவராச்சே. ரெண்டு மாசம் பக்கத்துல நின்னு பாத்தேன். மூணாவது மாசம் ஒரு படத்தை என்கிட்டயே குடுத்து, நீயே செய்னாரு. ஆலை அடையாள அட்டையில ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம், கட்டைவிரல் அகலம். அதைப் பெருசாக்கிச் சட்டம் போட்டுத் தரணும்.

— யாரோட படம்?

— அப்பா கொண்டுவந்து குடுத்தாரு. அம்மா போயி ரெண்டு வாரம் ஆயிருந்துச்சு. அவங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு படம்தான். உனக்கு ஒண்ணரை வயசு, என் இடுப்புல இருந்தே.

— நம்ம கூடத்துல மாட்டியிருக்கிற படமா?

— அதேதான்.

— சரி. கொஞ்சம் தொட்டிருப்பே. கண்ணுக்குக் கீழ, கன்னத்துல. எல்லாருக்கும் செய்யறதுதானே.

— மூணு நாள் தேய்ச்சேன். எங்க அம்மாதான் உலகத்துலேயே அழகா இருக்கணும்னு தேய்ச்சேன். அழகுன்னா அப்ப எனக்கு ஒண்ணுதான் தெரியும்.

— அப்பா பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையா?

— ரொம்ப நேரம் கையில வச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் அழுதுட்டிருந்தேன், என் மனசு நோகும்னு நெனைச்சிருப்பாரு போல. ஆணி அடிச்சு மாட்டிட்டு வேலைக்குப் போயிட்டாரு. ரெண்டு பக்கத்துச் சொந்தமும் கைகழுவின கல்யாணம். வீட்டுக்கு வந்து பாத்துட்டு, இது அவ இல்லன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. அப்பாவும் சாகிற வரைக்கும் அதைப் பத்தி வாயே திறக்கல.

— அக்கா, எனக்கு ஆறு வயசு இருக்கும். அந்தப் படத்துக்குக் கீழ நின்னு அப்பாகிட்ட ஒண்ணு கேட்டேன். என்னை எங்கேருந்து எடுத்துட்டு வந்தீங்கன்னு. நீ பக்கத்துலதான் இருந்தே.

— இருந்தேன்.

— நீ மாநிறம், அப்பா மாநிறம், படத்துல அம்மா பளிச்சுனு வெளுப்பு. நான் மட்டும் ஏன் இப்படின்னு அழுதேன். நீ எனக்குத் தலை வாரிக்கிட்டே, அழாதே, வளர வளர நிறம் வந்துடும்னு சொன்னே.

— சொன்னேன்.

— இருபத்தெட்டு வயசாச்சு. ஆலை வாசல்ல தொண்டை கிழியக் கத்திட்டு வீட்டுக்கு வர்றேன். செருப்பைக் கழட்டினதும் அந்தப் படத்தை நிமிர்ந்து பாக்காம உள்ள போறேன். அம்மாவோட வீட்டுல நான் யாரோட பிள்ளைன்னு இருக்கும் எனக்கு. அதையெல்லாம் நீ என்னிக்காவது கவனிச்சிருக்கியா?

— தினமும் பாக்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வரும்.

— இப்ப சொல்லு. குரலைத் தாழ்த்தாம சொல்லு.

— அம்மா உன்னைவிடக் கறுப்பு.